குளியலறைச் சுவரில் கரும்புள்ளி: குற்றவாளி யார்?

'சாயம் அடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, குளியலறைக் கூரையில் மறுபடியும் கரும்புள்ளி!' அடுக்குமாடி வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. பழி உடனே யார் மீது விழுகிறது? 'ஒழுங்காகக் கழுவுவதில்லை' என்று வீட்டுப் பெண்கள் மீது. உண்மையில் பல வீடுகளில் குறை துப்புரவில் இல்லை, காற்றோட்டத்தில் இருக்கிறது.

கோலாலம்பூர் போன்ற நகரங்களின் காண்டோமினியங்களில் சன்னலே இல்லாத குளியலறைகள் உண்டு. 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்கள், குளியலறைக்கு 0.2 சதுர மீட்டருக்குக் குறையாத திறப்பு வேண்டும் என்கின்றன. வெளிச்சுவரே இல்லாத அறைக்கு இயந்திரக் காற்றோட்டம் வேண்டும். மணிக்குப் பத்து முறை காற்று மாறுவது என்பது அதற்கான ஓர் அளவு.

இதை நம் வீட்டுக்குக் கணக்கிடுவோம். 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம் என்றால் அறையில் 7.2 கன மீட்டர் காற்று இருக்கிறது. பத்து முறை மாற மணிக்கு 72 கன மீட்டர் இழுக்கும் விசிறி தேவை. குழாய் நீளமாகவோ வளைந்தோ போனால் இழுவை குறையும். ஆகவே, பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு இதைவிடக் கூடுதலாக இருக்கட்டும்.

விசிறி இருந்தும் பலன் இல்லையா? மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, காற்று உள்ளே வர வழி உண்டா? கதவை இறுக மூடினால் விசிறி எதை இழுக்கும்? கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளியோ, கீழ்ப்பாதியில் காற்றுத் துளைகளோ வேண்டும். இரண்டாவது, குழாய் எங்கே போகிறது? பொய்க்கூரைக்குள் முடிந்தால் ஈரம் வீட்டை விட்டுப் போகவில்லை, மேலே ஒளிந்துகொள்கிறது. கட்டடத்தின் வெளிப்புறத்துக்கோ, அதற்கென அமைத்த காற்றுக் குழிக்கோ அது போக வேண்டும். மூன்றாவது, விசிறியில் தூசு அடைத்திருக்கிறதா? மெல்லிய தாளை வலையருகே பிடியுங்கள். அது ஒட்டிக்கொள்ளாவிட்டால் இழுவை போதாது.

குளித்து முடித்த கையோடு விசிறியை நிறுத்த வேண்டாம். இன்னும் அரை மணி நேரம் ஓடட்டும். சுவரிலும் தரையிலும் நிற்கும் நீரை ரப்பர் துடைப்பானால் வழித்துவிட்டால் விசிறிக்குப் பாதி வேலை மிச்சம். ஈரத் துணியை உள்ளேயே காயப்போடாதீர்கள்.

படுக்கையறையில் குளிர்சாதனம் ஓடுகிறதா? குளியலறை ஈரம் அங்கே பரவினால் குளிர்ந்த சுவர்களில் படியும். அலமாரியின் பின்புறம் பூஞ்சணம் பூக்க இதுவும் ஒரு காரணம். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

இவ்வளவு செய்தும் ஒரே இடம் ஈரமாகிறதா? சுவரில் அலுமினியத் தாளை நான்கு பக்கமும் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது அறையின் ஈரம். சுவரைத் தொடும் பக்கம் நனைந்திருந்தால் கசிவு. மேல் வீட்டுக் கசிவு என்று சந்தேகித்தால் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 2015ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகளின்படி, புகார் கிடைத்த ஏழு நாட்களுக்குள் அவர்கள் வந்து பார்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பூஞ்சணத்தை அகற்ற பிளீச் பயன்படுத்தினால், அதோடு கழிப்பறை அமிலத்தையோ அம்மோனியாவையோ கலக்கவே கூடாது. சிறிய மூடிய அறையில் அந்த நச்சு வாயு உயிருக்கே ஆபத்து.

பூஞ்சணம் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடியது. ஆகவே இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. அடுத்த முறை சாயம் வாங்கக் கடைக்குப் போகும் முன், வீட்டில் யாரையும் குறை சொல்லும் முன், அந்த விசிறியை ஒரு முறை அண்ணாந்து பாருங்கள்.