உங்களுக்குத் தெரியுமா? ஏ அப்பா, பி அம்மா, ஓ பிள்ளை!

அப்பா ஏ குரூப், அம்மா பி குரூப், பிறந்த பிள்ளைக்கு ஓ குரூப். லேபில் மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்றுதான் முதலில் தோன்றும். சில வீடுகளில் பேச்சு அதையும் தாண்டிப் போய், பெற்றவளைக் கண்கலங்க வைத்துவிடும். அநியாயம் இது. ரத்த வகை மரபணு ஒவ்வொருவரிடமும் இரண்டு இருக்கிறது: அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. ரிப்போர்ட்டில் ஏ என்றிருப்பவர் உள்ளே ஏ-ஓ ஆக இருக்கலாம்; பி என்றிருப்பவர் பி-ஓ ஆக இருக்கலாம். இருவரும் தங்களிடம் ஒடுங்கிக் கிடந்த ஓ-வையே கொடுத்தால் பிள்ளை ஓ. அப்படிப்பட்ட தம்பதிக்கு இதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று.

ஓ ஏன் ஒடுங்குகிறது? ஏ மரபணு சிவப்பணுவின் மேல் ஒருவகைச் சர்க்கரையை ஒட்டுகிறது. பி இன்னொரு வகையை ஒட்டுகிறது. ஓ எதையும் ஒட்டுவதில்லை. பெரும்பாலான ஓ மரபணுக்களில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டுப் போனதுதான் காரணம்.

ஏபி-யில் இரண்டும் ஓங்கும், ஒன்றை ஒன்று மறைக்காது. லேபில் நீலச் சொட்டு மருந்தில் ரத்தம் திரிந்தால் ஏ, மஞ்சளில் திரிந்தால் பி. ஏபி ரத்தம் இரண்டிலும் மணல் மணலாகத் திரிந்து நிற்கும்.

‘ஓங்கு பண்பு’ என்றால் ஊரில் அதிகம் இருப்பது என்று பொருளில்லை. ஒடுங்கு பண்பான ஓ குரூப் நம் நாட்டில் எங்கும் சாதாரணம்.

சார்லி சாப்ளின் மீது 1940களில் தந்தைமை வழக்கு. அவர் ஓ, தாய் ஏ, குழந்தை பி. தாயிடமும் சாப்ளினிடமும் இல்லாத பி எங்கிருந்து வரும்? ஆனால் ரத்தப் பரிசோதனையை இறுதிச் சான்றாக அன்றைய கலிபோர்னியச் சட்டம் ஏற்கவில்லை. 1945இல் ஜூரி அவரையே தந்தை என்றது!

பாம்பே குரூப் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1952இல் டாக்டர் பெண்டேயும் சகாக்களும் பம்பாயில் கண்டறிந்தது. ஏ, பி சர்க்கரைகள் ஒட்டிக்கொள்ள ‘ஹெச்’ என்ற அடித்தளம் வேண்டும். இவர்களுக்கு அதுவே கிடையாது. உள்ளே ஏ மரபணு இருந்தாலும் சாதாரணப் பரிசோதனையில் ஓ என்றே காட்டும். அதை நம்பி ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. இந்தக் குறைக்கும் இரு பக்கமிருந்தும் ஒடுங்கிய மரபணு வந்து சேர வேண்டும். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடுதல். பாம்பே குரூப் தாய்க்கும் ஓ குரூப் தந்தைக்கும் ஏ குரூப் பிள்ளை பிறப்பதும் உண்டு.

ஆர்ஹெச் நெகட்டிவும் ஒடுங்கு பண்புதான். அப்பா அம்மா இருவரும் பாசிட்டிவாக இருந்தும் பிள்ளை நெகட்டிவாகலாம். தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால், பிரசவமான 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும். அடுத்து வயிற்றில் வரும் பிள்ளையைக் காப்பது அந்த ஊசி.