மலைப்பாதையில் நின்றுபோகும் எஞ்சின்

கேமரன் மலையில் பழைய லேண்ட் ரோவர் வண்டிகளைப் பார்க்காமல் தானா ராத்தாவைக் கடப்பது கடினம். தேயிலைத் தோட்டங்களின் செங்குத்தான மண்பாதைகளிலும் காய்கறித் தோட்டங்களின் சேற்று வழிகளிலும் இவை இன்றும் ஓடுகின்றன. லேண்ட் ரோவர் 1948ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. போருக்குப் பிந்திய பிரிட்டனில் எஃகுக்குப் பற்றாக்குறை இருந்ததால், அதன் உடற்பகுதி அலுமினியக் கலவையால் செய்யப்பட்டது. ஈரம் மிகுந்த மலைப்பகுதிக்கு அதுவே வசதியாகப் போயிற்று. உடல் துருப்பிடிப்பதில்லை, அடியில் உள்ள எஃகுச் சட்டம்தான் துருப்பிடிக்கிறது. மலாயாவின் அவசரகாலத்தில் பிரிட்டிஷ் படையினரும் இவ்வகை வண்டிகளைப் பயன்படுத்தினர். படையினர் கைவிட்ட வண்டிகள் பல, பின்னர் விவசாயிகளின் கைக்கு வந்தன.

இவற்றுள் பல நாற்பது, ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியவை. எத்தனை கிலோமீட்டர் ஓடியுள்ளன என்று கேட்டுப் பயனில்லை. ஓடிய தூரத்தைக் காட்டும் கருவியே பல வண்டிகளில் எப்போதோ நின்றுவிட்டது. இத்தகைய வண்டிகள் பட்டறைக்கு வரும்போது பெரும்பாலும் இரண்டு குறைகளே சொல்லப்படுகின்றன. ஒன்று, எஞ்சின் திடீரென நின்றுவிடுகிறது. மற்றொன்று, அடியில் ஏதோ சொட்டுகிறது.

பெட்ரோல் எஞ்சின் ஓட எரிபொருள், காற்று, சரியான நேரத்தில் தீப்பொறி ஆகிய மூன்றும் வேண்டும். எஞ்சின் நின்றால் இவற்றுள் எது தவறியது என்பதைக் கண்டறிய வேண்டும். அனுபவமுள்ள மெக்கானிக் உடனே திருகாணியைத் தொடமாட்டார். “எப்போது நின்றது?” என்றுதான் முதலில் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலே பாதி வேலையை முடித்துவிடும்.

பனிமூட்டமான காலையில் மட்டும் எஞ்சின் திக்கித் திணறி நிற்கிறது என்றால், சந்தேகம் முதலில் தீப்பொறி அமைப்பின்மீது விழும். காயிலில் உருவாகும் உயர் மின்னழுத்தத்தை டிஸ்டிரிபியூட்டர் என்னும் பகுதி ஒவ்வொரு பிளக்குக்கும் முறையாகப் பகிர்ந்தளிக்கிறது. அதன் மூடியில் ஈரம் படிந்தாலோ மெல்லிய விரிசல் இருந்தாலோ, மின்சாரம் பிளக்கைச் சென்றடையாமல் வழியிலேயே கசிந்துவிடும். எஞ்சினை நிறுத்தி, மூடியைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்தபின் வண்டி ஓடினால் காரணம் தெளிவு.

ஏற்றத்தில் அரைமணி நேரம் நன்றாக ஓடி, பிறகு நின்று, பத்து நிமிடம் கழித்து மீண்டும் உயிர்பெறும் வண்டிதான் மெக்கானிக்கைக் குழப்பும். இதற்குக் காரணங்கள் பல. பெட்ரோல் தொட்டியின் மூடியில் காற்றுத்துளை அடைபட்டிருக்கலாம். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வராததால், தொட்டியில் அழுத்தம் குறைந்து பெட்ரோல் வெளியேறாமல் தங்கிவிடும். வண்டி நின்றவுடன் மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் இதுவே காரணம். சத்தம் இல்லையெனில், வடிகட்டியில் துருவும் அழுக்கும் சேர்ந்திருக்கலாம். அல்லது எஞ்சின் வெப்பத்தில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி ஓட்டம் தடைப்பட்டிருக்கலாம். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் ஒழுங்காக வந்துகொண்டிருந்தால், அடுத்த சந்தேகம் காயில்மீது. பழைய காயில் சூடேறியதும் செயலிழந்து, ஆறியபின் மீண்டும் வேலை செய்வதுண்டு. ஆகவே எஞ்சின் நின்ற அந்தச் சூட்டிலேயே சோதிக்க வேண்டும். ஆறியபின் சோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். பெட்ரோல் சிந்தியிருக்கும் இடத்தில் தீப்பொறியைச் சோதிப்பது ஆபத்து. இதைப் பயிற்சி பெற்றவரிடமே விட்டுவிட வேண்டும்.

மலைக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. சமவெளியில் சரிசெய்யப்பட்ட கார்புரேட்டர், மலையில் குறைந்த காற்றுக்கு அதிகப் பெட்ரோலைக் கலந்து கொடுக்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நுனியில் கரி படிந்திருக்கும். அத்தகைய எஞ்சின் சந்திப்பில் காத்திருக்கும்போது நடுங்கி நிற்கும். புதிய மகிழுந்துகளில் உணரிகள் காற்றை அளந்து, கணினி கலவையைத் தானே மாற்றிக்கொள்கிறது. ஆனால் அவற்றிலும், இலட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியபின், சூடேறும்போது செயலிழக்கும் உணரி ஒன்று எஞ்சினை நிறுத்திவிடக்கூடும்.

கசிவைக் கண்டறிவதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. இரவில் வண்டியின் அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தால் போதும். காலையில் அதில் விழுந்திருக்கும் கறையின் நிறமும் இடமும் பலவற்றைச் சொல்லும். பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தில் இருந்தால் எஞ்சின் எண்ணெய். தடிப்பாகவும் கந்தக நெடியோடும் இருந்தால் கியர் எண்ணெய். பச்சையாக, இனிப்பு வாடையோடு இருந்தால் ரேடியேட்டர் குளிர்விப்புநீர். அது நச்சு என்பதால் நாய், பூனைகள் நக்காதபடி உடனே கழுவிவிட வேண்டும். குளிரூட்டி உள்ள மகிழுந்தின் அடியில் தெளிந்த நீர் சொட்டினால் அஞ்சத் தேவையில்லை.

லேண்ட் ரோவரில் எஞ்சினும் கியர்பெட்டியும் சேரும் உறையின் அடியில் ஒரு சிறிய துளை உண்டு. ஆழமான நீரைக் கடக்கும்போது மட்டும் அதைத் திருகாணியால் அடைப்பார்கள். மற்ற நேரத்தில் அது திறந்திருப்பதே முறை. அங்கிருந்து எண்ணெய் வடிந்தால், எஞ்சினின் பின்புற ஆயில் சீலோ கியர்பெட்டியின் முன்புற சீலோ தேய்ந்திருக்கிறது. எது என்பதை எண்ணெயின் நெடியே காட்டிக்கொடுக்கும். அந்தச் சீலை மாற்றப் பெரும்பாலும் கியர்பெட்டியையே கழற்ற வேண்டும். அதனால் பல உரிமையாளர்கள் வாரந்தோறும் அளவுகோலைப் பார்த்து எண்ணெயை நிரப்பிக்கொண்டே ஓட்டுகிறார்கள். சொட்டுகள் சிலவாக இருக்கும்வரை அது தவறான முடிவும் அன்று.

எண்ணெய் மூடியின் உட்புறம் பால்போன்ற வெண்மை படிந்திருப்பதைக் கண்டு பலர் பதறுகின்றனர். எஞ்சினின் தலைப்பகுதிக் கேஸ்கட் கிழிந்து, தண்ணீர் எண்ணெயில் கலந்தாலும் இப்படி ஆகும். ஆனால் குளிரான மலைப்பகுதியில் குறைந்த தூரமே ஓடும் வண்டியில், எஞ்சின் போதிய அளவு சூடாகாததால் காற்றிலுள்ள ஈரமே அங்கு படிவதுண்டு. ரேடியேட்டர் நீர் குறைகிறதா, அளவுகோலில் உள்ள எண்ணெயும் வெளுத்திருக்கிறதா, புகைக்குழாயில் வெண்புகை நிற்காமல் வருகிறதா என்று பார்த்தபின்பே முடிவுக்கு வர வேண்டும். இல்லையேல் தேவையற்ற ஒரு பழுதுக்குப் பெருந்தொகை செலவாகும்.

பிரேக் எண்ணெய்க் கசிவில் மட்டும் காத்திருப்பதற்கு இடமில்லை. அது தெளிந்தோ இளமஞ்சளாகவோ இருக்கும். விழுந்த இடத்தில் சாயத்தை அரித்துவிடும். பழைய லேண்ட் ரோவர்களில் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றில் இயங்குவதுண்டு. ஒரு சக்கரத்தில் கசிந்தாலே நான்கும் பிடியிழக்கும். தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் பாதை ஏறத்தாழ 60 கிலோமீட்டர்; வளைவுகளுக்குக் குறைவில்லை. ஆகவே இறங்குவதற்குமுன் ஓட்டுநர் சக்கரங்களின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்ப்பார். டயரின் உள்பக்கம் ஈரமாக வழுவழுத்தால், அல்லது பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினால், வண்டி அங்கேயே நிறுத்தப்படும். மெக்கானிக்தான் மேலே வர வேண்டும்.