சீனாவில் படிக்கும் பிள்ளைகளும் விருப்பப் பாடங்களும்



சென்ற மாதம் கல்வி உதவிக் குழு கூடியபோது, சீனாவில் மருத்துவம் படிக்கும் மாணவர் ஒருவரின் தகப்பனார் மகனுடைய மதிப்பெண் பட்டியலைக் கொண்டு வந்தார். உடற்கூறியல், உயிர்வேதியியலுக்குக் கீழே 'சீன சமூகம்', 'சீன எழுத்துக்கலை' என்று இரண்டு பாடங்கள் இருந்தன. "டாக்டருக்குப் படிக்க அனுப்பினால் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார்களே, இதற்கா டிரஸ்ட் பணம் போகிறது? எனக்கே சங்கடமாக இருக்கிறது" என்றார். குழுவிலும் சிலர் தலையசைத்தார்கள். மற்றப் பெற்றோருக்கும் இதே கேள்வி இருக்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

சீனாவில் பட்டப்படிப்பில் சேரும் வெளிநாட்டு மாணவர்களுக்குச் சீன மொழியும், 'சீனா ஓர் அறிமுகம்' என்ற பொதுப்பாடமும் கட்டாயம். 2018-இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட தரவிதிகளில் இது இருக்கிறது. இவை போக மாணவர் தாமே தேர்ந்தெடுப்பவை விருப்பப் பாடங்கள். சீன சமூகம், பண்பாடு, கலை, வணிகம் பற்றிய பாடங்கள் ஆங்கிலத்திலும் நடத்தப்படுகின்றன. பொதுவாக 16 வகுப்பு நேரத்துக்கு ஒரு கிரெடிட் என்று கணக்கு. குறிப்பிட்ட கிரெடிட் சேராவிட்டால் பட்டம் தாமதமாகும் இடங்களும் உண்டு. ஆகவே எதைப் படிப்பது என்பதுதான் மாணவரின் விருப்பம். படிப்பதா வேண்டாமா என்பது அல்ல.

சுலபமாக மார்க் வாங்கலாம் என்று சேர்ந்துவிட்டு வகுப்புக்கே போகாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். நம் உதவி பெற்ற ஒருவர் அப்படித்தான் இருந்தார். மருத்துவமனைப் பயிற்சி தொடங்கியபோது போனில் பேசினார். "வகுப்பு இங்கிலீஷில் நடக்குது மாமா, நோயாளி இங்கிலீஷில் பேசமாட்டாங்களே. ஒரு வயசான அம்மா என் கையைப் பிடிச்சு ஏதோ சொன்னாங்க, ஒண்ணும் புரியல" என்றார். குரல் உடைந்திருந்தது. நம் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி 54 மாதப் படிப்பை முடித்து, 12 மாதப் பயிற்சியையும் அதே வெளிநாட்டு நிறுவனத்தில்தான் முடிக்க வேண்டும். ஓராண்டு முழுக்கச் சீன நோயாளிகளின் படுக்கையருகே நிற்க வேண்டியவருக்கு அவர்களின் மொழியும் வாழ்க்கையும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டாமா?

சமூகப் பாடத்தின் பயன் இங்கேதான். 1980 முதல் 2015 வரை சீனாவில் ஒரு குழந்தைக் கொள்கை இருந்தது. 'ஹுகோவ்' எனப்படும் குடும்பப் பதிவு முறை 1958-இல் சட்டமானது. பதிவு எந்த ஊரில் இருக்கிறதோ அங்கேதான் முழு அரசு வசதியும். வேலைக்காக வேறு நகரம் போனவருக்குப் பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை முதல் மருத்துவக் காப்பீடு வரை சிக்கல்கள் உண்டு. பல கிராமங்களில் தாத்தாவும் பாட்டியும் பேரப்பிள்ளைகளை வளர்ப்பது இதனால்தான். ஆஸ்பத்திரிக்குத் தனியாக வந்திருக்கும் ஒரு மூதாட்டியின் ஒரே பிள்ளை ஆயிரம் மைலுக்கு அப்பால் ஏதோ ஒரு தொழிற்சாலையில் இருக்கலாம். பாடம் படித்த மாணவர் இதைப் புரிந்துகொள்வார்.

பண்பாட்டுப் பாடத்துக்கு வருவோம். கல்விக்காகச் சீனா வரை போகச் சொல்லும் செய்தியை மேடைகளில் நபிமொழியாகச் சொல்கிறார்கள். அதன் அறிவிப்பாளர் தொடரைப் பலவீனமானது என்றார் இமாம் பைஹகீ. இப்னுல் ஜவ்ஸீயோ இட்டுக்கட்டப்பட்டவற்றில் சேர்த்துவிட்டார். கல்வியின் சிறப்புக்கு வேறு ஆதாரங்கள் தாராளமாக உள்ளன, இதைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் சீனாவில் இஸ்லாத்தின் வரலாறு உறுதியானது. சியான் நகரின் பெரிய பள்ளிவாசல் மரத்தாலும் ஓட்டாலும் சீனக் கட்டிட முறையிலேயே அமைந்தது. ஏழு கடற்பயணங்கள் நடத்திய தளபதி செங் ஹே யுன்னானில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1409-ஆம் ஆண்டு தேதியிட்டு அவர் இலங்கையில் வைத்த கல்வெட்டு காலியில் கிடைத்தது. அது சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் பேசுகிறது. நம் மொழி அதில் இருப்பதை மதரஸாப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது அவர்கள் கண்கள் விரிந்ததைப் பார்த்தேன்.

எழுத்துக்கலையைப் பற்றியும் அந்தத் தகப்பனாரிடம் சொன்னேன். சீன முஸ்லிம்கள் தூரிகை வளைவுகளோடு அரபியை எழுதும் 'ஸீனீ' என்ற எழுத்து வகை உண்டு. மகன் எழுத்துக்கலை வகுப்பில் இருக்கும்போதே அதையும் தேடிப் பார்க்கட்டும்.

வணிகப் பாடம் நம் சமூகத்துக்கு நேரடியாகத் தேவைப்படுவது. யீவூ சந்தைக்கும், 1957 முதல் குவாங்சோவில் நடக்கும் கண்காட்சிக்கும் நம்மவர்கள் போய் வருகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி விளையாட்டுப் பொருள்களுக்கு முன்பணம் அனுப்பினார். பணம் போனது ஒரு தனிநபர் கணக்குக்கு. ஒப்பந்தத்தில் ஆங்கிலப் பெயர் மட்டுமே இருந்தது. கம்பெனி முத்திரை இல்லை. சரக்கும் வரவில்லை, பணமும் வரவில்லை. சீனாவில் பதிவான சீனப் பெயருக்குத்தான் சட்ட மதிப்பு. வணிக உரிமத்தில் 18 இலக்கக் குறியீட்டு எண் இருக்கும். அதை வைத்துக் கம்பெனி உண்மையா என்று பார்க்கலாம். ஒப்பந்தத்தில் சிவப்பு முத்திரை வேண்டும். சீனப் புத்தாண்டையொட்டித் தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும். இத்தனையும் ஒரு நல்ல விருப்பப் பாடத்தில் முதல் சில வகுப்புகளிலேயே வந்துவிடும். ஆனால் சமூகப் பாடம் இல்லாமல் வணிகப் பாடம் மட்டும் எடுப்பது பாதிக் கல்விதான் என்பது என் கருத்து.

"உய்கூர் சகோதரர்களுக்கு நடப்பது தெரிந்தும் அந்த நாட்டுப் பாடம் எதற்கு?" என்று ஒரு இளைஞர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஷின்ஜியாங்கில் நடந்தவை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்ட் 31-இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. சீன அரசு அதை மறுக்கிறது. பல்கலைக்கழக வகுப்பில் இதற்கு இடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பிள்ளைகள் அங்கே இருக்கும்போது வாய்ப்பேச்சிலும் போன் பதிவிலும் கவனமாக இருக்கவும் வேண்டும். ஆனால் பாடத்தில் சொல்வது மட்டும்தான் சீனா என்று அவர்கள் நம்பிவிடக் கூடாது. அங்கே அரசு அங்கீகரித்த 56 இனங்களில் 10 இனங்கள் முஸ்லிம்கள். ஹுய் முஸ்லிமின் நிலையும் உய்கூர் முஸ்லிமின் நிலையும் ஒன்றல்ல. இதைப் பிரித்தறியவும் படிப்பு வேண்டும்.

இவ்வாண்டு உதவிக்கு விண்ணப்பிப்போர் தங்கள் பல்கலைக்கழகத்தின் விருப்பப் பாடப் பட்டியலையும், எத்தனை கிரெடிட் தேவை என்ற விவரத்தையும் விண்ணப்பத்தோடு இணைக்கவும். எதை எடுப்பது என்று குழப்பம் இருந்தால், ஞாயிறு மஃரிபுக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உட்கார்ந்து பேசுவோம். அந்தத் தகப்பனாரும் மகன் விடுமுறைக்கு வந்ததும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.