75-ஐ 90 ஆக்கும் ஆசை

நாமக்கல் பக்கம் டர்போ ஒன்றும் அதிசயப் பொருள் அல்ல. லாரியும் ரிக் வண்டியும் பிழைப்பாக இருக்கும் ஊரில், "டர்போ போயிருச்சு, கோர் மாத்தணும்" என்பது அன்றாடப் பேச்சு. லாரிக்கு மாற்றலாம் என்றால் என் ஸ்விஃப்ட்டுக்கு ஏன் கூடாது என்று அங்குள்ள இளைஞர்களுக்குத் தோன்றுவது இயல்புதான்.

ஸ்விஃப்ட்டைச் சொல்லக் காரணம் உண்டு. 2007-ல் டீசல் ஸ்விஃப்ட்டில் வந்த ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் என்ஜின், 2020-ல் பி.எஸ்.6 புகை விதி வரும்வரை மாருதி, டாடா, ஃபியட் என்று பல கார்களில் ஓடியது. அதே 1248 சிசி, ஆனால் இரண்டு அவதாரம். ஸ்விஃப்ட்டில் 75 குதிரைத்திறன். 190 நியூட்டன் மீட்டர் இழுவை, 2000 ஆர்பிஎம்மில். எஸ்எக்ஸ்4, எர்டிகா கார்களில் 90 குதிரைத்திறன். 200 நியூட்டன் மீட்டர், 1750 ஆர்பிஎம்மில். உடைத்த வண்டிக் கடையில் எர்டிகா டர்போ ஒன்றை வாங்கி மாட்டினால் 15 குதிரை மலிவாகக் கிடைத்துவிடும் என்று ஒரு கணக்கு ஓடுகிறது.

ஆனால் அந்த 15 குதிரையும் டர்போவுக்குள் மட்டும் இல்லை. 75-ல் இருப்பது சாதாரண டர்போ. 90-ல் இருப்பது விஜிடி. உள்ளே இருக்கும் சிறு தகடுகள் திரும்பி, புகை பாயும் வழியைக் குறுக்கும், விரிக்கும். எப்போது எவ்வளவு திரும்ப வேண்டும் என்று சொல்ல, என்ஜினின் கணினியான ஈசியுவில் அதற்கான மேப் வேண்டும். அது இல்லாமல் மாட்டினால் கிடைப்பது விசில் சத்தம் மட்டுமே. காற்று கூடினால் டீசலும் அதற்கேற்பக் கூட வேண்டும். டீசலை மட்டும் கூட்டினாலோ கரும்புகையும் சூடும்தான் மிச்சம்.

எந்தச் சாலைக்கு இந்த டர்போ என்பதையும் யோசிக்க வேண்டும். சேலம்–நாமக்கல் நான்குவழிச் சாலையில் பெரிய டர்போ சுகமாகத்தான் இருக்கும். காரவள்ளியில் இருந்து கொல்லிமலை ஏறிப் பாருங்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஆர்பிஎம் 2000-க்குக் கீழே விழும். வளைந்து நிமிரும்போது டர்போ எழுந்திருக்காது. பெரிதாகப் போட்டால் இன்னும் தாமதம். எர்டிகாவின் 15 குதிரையை விட, இழுவை 250 ஆர்பிஎம் முன்னதாகவே வந்துவிடுவதைத்தான் நான் பெரிதாக மதிப்பேன்.

அடுத்தது வெயில். வெளியே 40 டிகிரி இருக்கும் மதியத்தில் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குத் திணித்தால், டர்போவை விட்டு வரும்போது அது 130 டிகிரியைத் தாண்டியிருக்கும். சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு. அதனால் சேலத்து மே மாதத்தில், டர்போவுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை நல்ல இன்டர்கூலருக்கு ஒதுக்குவது வீண் போகாது.

கைக்காசு குறைவு என்றால் முதலில் பார்க்க வேண்டியவை இருக்கும் வண்டியிலேயே உண்டு. கிழிந்த காற்று ஹோஸ், அடைத்த ஏர் ஃபில்டர், அழுக்கேறிய இன்டர்கூலர்: இவற்றைச் சரிசெய்தாலே தொலைந்த பிக்கப் பாதி திரும்பிவிடும். பிறகு கிளட்ச். இழுவை கூடினால் முதலில் வழுக்குவது அதுதான். இதெல்லாம் முடிந்தபின் தெரிந்தவரிடம் அளவோடு ரீமேப். டர்போ மாற்றும் பேச்சு அதற்கும் பிறகே.

பழைய டர்போ வாங்கியே தீருவேன் என்பவர், ஷாஃப்ட்டை விரலால் அசைத்து ஆட்டம் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். பழையது ஆயில் வராமல் கெட்டிருந்தால், ஆயில் பைப்பை மாற்றாமல் போடும் புதியதும் அதே வழியில் போகும். ஏற்றம் முடிந்ததும் உடனே சாவியைத் திருப்பி அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விடும் லாரி டிரைவர்களின் பழக்கம், சூடான டர்போவுக்கு ஆயில் நிற்காமல் போவதற்காகத்தான்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து இழப்பீடு கேட்கும்போது காப்பீட்டு நிறுவனமும் இதையே காட்டி மறுக்கலாம். டீசலைக் கூட்டி வைத்த வண்டியோ அதற்கு முன்பே, புகைப் பரிசோதனையில் மாட்டிக்கொள்ளும்.