மலைப்பாதைக்கு ஒவ்வாத மோட்டார் வண்டி

மேற்குத் தொடர்ச்சி மலையின் நெடுஞ்சுவரில் அமைந்த பெருவாயில் பாலக்காட்டுக் கணவாய். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலமுள்ள இத்தாழ்நிலத்தின் வழியே கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்ல எந்த மோட்டார் வண்டியும் போதும். ஆனால் கணவாயின் வடக்கே அட்டப்பாடிக்கோ, தெற்கே நெல்லியாம்பதிக்கோ ஏறத் தொடங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது. இன்னும் தெற்கே, தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய வழிகளில் இடுக்கி மாவட்டத்தினுள் நுழைவோரும் இம்மாற்றத்தை உணர்வர்.

இவ்வெல்லைப் பிரதேசத்தில் பாதைகள் மாநில எல்லையைப் பின்பற்றுவதில்லை. பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த பறம்பிக்குளத்திற்குச் சாலை வழியே செல்வோர், தமிழ்நாட்டிலுள்ள சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே செல்லவேண்டும். தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைக்கோ இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் ஏறவேண்டும். இத்தகைய இடங்களில் பணிபுரியும் களப்பணியாளரும் ஆசிரியரும் வண்டி வாங்க முற்படும்போது எந்தக் குறைகளைக் கண்டால் வாங்காது விடவேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

விலக்குதலும் ஒப்பிடுதலும்

வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் இரு செயல்கள் உள்ளன. ஒன்று விலக்குதல், மற்றொன்று ஒப்பிடுதல். விலை, எரிபொருட் செலவு, இருக்கையின் வசதி ஆகியவை ஒப்பிடத்தக்கவை. ஒன்றிலுள்ள குறையை மற்றொன்றின் நிறைவால் ஈடுசெய்யலாம். ஆனால் ஏற்றத்தில் ஏறாத வண்டியின் குறையை மெத்தென்ற இருக்கை ஈடுசெய்யாது. ஆகவே விலக்கும் குறைகளை முதலில் ஆராய்ந்து, எஞ்சியவற்றை மட்டுமே ஒப்பிடவேண்டும்.

விலக்கும் அளவை எங்கிருந்து பெறுவது? பாதையின் சராசரி நிலையிலிருந்து அன்று. அதன் மிகக் கடினமான பகுதியிலிருந்து. நாற்பது கிலோமீட்டர் நல்ல சாலையும் இருநூறு மீட்டர் கரடுமுரடான ஏற்றமும் இருப்பின், அந்த இருநூறு மீட்டரே வண்டியைத் தீர்மானிக்கிறது. எனினும் தேவைக்கு மீறிய கடுமையும் பயன் தராது. 1940-இல் அமெரிக்க இராணுவம் நான்கு சக்கரங்களும் இயங்கும் சிறு வண்டி ஒன்றைக் கோரியபோது, அதன் எடை 1,300 பவுண்டுக்கு மிகலாகாது என விதித்தது. எந்த உற்பத்தியாளராலும் அதை நிறைவேற்ற இயலவில்லை. வரம்பு 2,160 பவுண்டாக உயர்த்தப்பட்டது. அவ்வாறு உருவான ஜீப்பையே 1947 முதல் மகிந்திரா நிறுவனம் நம் நாட்டில் பாகங்களைப் பூட்டி விற்கத் தொடங்கியது.

ஏற்றம்

மலைப்பிரதேசச் சாலைகளுக்கு இந்தியச் சாலைகள் பேரவை வகுத்த நெறிப்படி, செங்குத்தான நிலத்தில் வழக்கமான சரிவு நூற்றுக்கு 6. தவிர்க்கவியலாத இடத்தில் 8. இத்தகைய சாலையில் நல்ல நிலையிலுள்ள எந்தக் காரும் ஏறிவிடும். தோட்டப் பாதைகளும் காட்டுப் பாதைகளும் இந்நெறிக்கு உட்பட்டவையல்ல.

ஐந்துக்கு ஒன்று என்ற சரிவில், சுமையுடன் 1,500 கிலோகிராம் எடையுள்ள வண்டி ஏறுவதாகக் கொள்வோம். அதை மேலே தள்ள ஏறத்தாழ 294 கிலோகிராம் விசை வேண்டும். பாதை ஈரச் சரளையாயின் உராய்வுக் கெழுவை 0.35 எனக் கொள்ளலாம். சமதரையில் இரு அச்சுகளும் பாரத்தைச் சமமாகத் தாங்கினாலும், ஏற்றத்தில் பாரம் பின்னோக்கிச் சாய்கிறது. முன் அச்சில் சுமார் 670, பின் அச்சில் சுமார் 800 கிலோகிராம் நிற்கும். முன் சக்கரங்கள் மட்டும் இயங்கும் வண்டிக்குக் கிடைக்கும் பிடிப்பு 235 கிலோகிராம். பின் சக்கரங்கள் மட்டும் இயங்குவதற்கு 280. இரண்டும் போதா. நான்கு சக்கரங்களும் இயங்கினால் 515 கிடைக்கிறது. எஞ்சினின் குதிரைசக்தி எவ்வளவு மிகுந்தாலும், பிடிப்பில்லாச் சக்கரம் நின்ற இடத்தில் சுழலுமேயன்றி வண்டியை ஏற்றாது. இத்தகைய பாதையில் நாள்தோறும் செல்பவர் இரு சக்கர இயக்கமுள்ள வண்டியை விலக்கவேண்டும். தார்ச்சாலையில் மட்டும் செல்பவர் அவ்வாறு விலக்க வேண்டியதில்லை.

அடிப்பாகத்தின் உயரம்

தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்திற்கும் உள்ள இடைவெளியை மட்டும் பார்ப்பது போதாது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரமும் கணக்கில் சேரும். இடைவெளியை அத்தூரத்தின் பாதியால் வகுத்து, அவ்விகிதத்தைத் தொடுகோடாகக் கொண்ட கோணத்தை இரட்டித்தால், வயிறு உரசாமல் வண்டி கடக்கக்கூடிய முகட்டின் கோணம் கிடைக்கும். அச்சு தூரம் 2.45 மீட்டரும் இடைவெளி 17 சென்டிமீட்டரும் உள்ள காருக்கு இது ஏறக்குறைய 16 பாகை. அச்சு தூரம் 2.03 மீட்டரும் இடைவெளி 20 சென்டிமீட்டரும் உள்ள ஜீப்புக்கு 22 பாகை. ஆசிரியர்கள் இக்கணக்கைத் திரிகோணமிதிப் பயிற்சியாக மாணவர்க்கு அளிக்கலாம். ஆட்களும் சுமையும் ஏறியபின் இடைவெளி குறைகிறது. ஆகவே நிறைசுமையோடு அளந்து பார்ப்பதே முறை. மின்வண்டிகளில் மின்கலத் தொகுதி பெரும்பாலும் அடிப்பாகத்தில் இருப்பதால், பாறையுள்ள பாதையில் இச்சோதனை இன்னும் அவசியமாகிறது.

இறக்கம்

ஏறமுடியாத வண்டி வழியில் நின்றுவிடும். இறங்கும்போது நிற்காத வண்டியோ உயிரைக் கொள்ளும். போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூர் வரை 17 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. இறங்கும் உயரம் ஏறக்குறைய 1,000 மீட்டர். 1,500 கிலோகிராம் வண்டி அவ்வளவு உயரம் இறங்குகையில் வெளிப்படும் ஆற்றல், 44 லிட்டர் நீரை 20 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்றின் தடையும் சக்கரங்களின் உருள்தடையும் அதில் ஒரு பகுதியை ஏற்கும். எஞ்சியதை எஞ்சின் ஏற்காவிடில் பிரேக்கே ஏற்கவேண்டும்.

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 எனப்படும் வகையின் கொதிநிலை, புதிதாயிருக்கையில் குறைந்தது 205 பாகை. ஈரம் ஏறியபின் 140 பாகை வரை இறங்கலாம். கொதித்த திரவத்தில் ஆவிக் குமிழிகள் தோன்றினால் மிதிகட்டை தரைவரை செல்லும், வண்டி நிற்காது. எனவே இறக்கத்தில் தாழ்ந்த கியரில் எஞ்சினைத் தடையாகப் பயன்படுத்துவதே மலைநாட்டு ஓட்டுநரின் முதற்பாடம். ஓட்டுநர் விரும்பியபோது தாழ்ந்த கியரில் நிறுத்திவைக்க இயலாத தானியங்கிக் கியர் வண்டி இங்கு விலக்கத்தக்கது. மின்வண்டியின் மோட்டார் இறக்கத்தில் மின்னாக்கியாக இயங்கி வேகத்தைத் தடுக்கிறது. ஆயினும் மலையுச்சியில் மின்கலம் நிறைந்திருந்தால் அத்தடை குன்றும் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

சுமை

போடி, கம்பம் பகுதிகளிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு அதிகாலையில் செல்லும் தொழிலாளர், பெரும்பாலும் பெண்கள், ஜீப்புகளிலேயே மலை ஏறுகின்றனர். மாலையில் அதே வழியே இறங்குகின்றனர். இங்கு ஒரு தவறான எண்ணத்தைக் களையவேண்டும். எளிதில் ஏறும் வண்டி எவ்வளவு சுமையையும் பாதுகாப்பாகத் தாங்கும் என்பது உண்மையன்று.

வண்டி எளிதில் கவிழுமா என்பதை அறிய, இடவலச் சக்கரங்களுக்கு இடையேயுள்ள தூரத்தை ஈர்ப்பு மையத்தின் உயரத்தின் இருமடங்கால் வகுக்கிறோம். தூரம் 1.3 மீட்டராகவும் உயரம் 0.65 மீட்டராகவும் இருப்பின் ஈவு 1. பின்புறத்தில் ஆட்கள் நெருங்கி, கூரைமேல் மூட்டைகளும் ஏறி, ஈர்ப்பு மையம் 0.8 மீட்டருக்கு உயர்ந்தால் ஈவு 0.81 ஆகிறது. ஈவு குறையக் குறைய, வளைவில் கவிழ்வதற்கு வேண்டிய வேகமும் குறைகிறது. ஆகவே பதிவுச் சான்றில் குறித்த இருக்கைகள் நம் தேவைக்குப் போதாவிடில், அவ்வண்டியை வாங்காது விடுவதே அறிவுடைமை. வாங்கியபின் கூடுதலாக ஏற்றுவது தீர்வாகாது.

பழுதும் ஆவணமும்

பழைய வண்டி வாங்குவோர் சட்டத்தில் பற்றவைத்த தழும்பு, துருப்பிடித்த பிரேக் குழாய், ஈடுபடாத நான்கு சக்கர இயக்க நெம்புகோல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் விலகவேண்டும். உதிரிபாகங்கள் பொள்ளாச்சியிலோ தேனியிலோ கிடைக்காத வண்டி, மழைக்காலத்தில் வாரக்கணக்கில் முடங்கக்கூடும். மேலும், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை மற்றொரு மாநிலத்தில் 12 மாதத்திற்கு மேல் வைத்திருந்தால் அங்கு புதிய பதிவெண் பெறவேண்டும். பழைய மாநிலத்தின் தடையின்மைச் சான்று கிடைக்காத வண்டியை எல்லையோர ஊழியர் வாங்கலாகாது.

இக்கவனம் மிகையானதன்று. 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக உருவான இடமலக்குடிக்கு மூணாறு, பெட்டிமுடி வழியே ஜீப்புகளே சென்றுவந்தன. அத்தகைய குடிகளிலிருந்து ஒரு நோயாளியை மருத்துவமனைக்குக் கொணரும்போது வண்டி நடுவழியில் நின்றுவிட்டால், எஞ்சிய தூரம் மனிதர் தோளிலேயே அவரைச் சுமக்கவேண்டும். ஆகவே, வாங்குமுன் ஒரு நாளை ஒதுக்கி, நாம் வழக்கமாகச் செல்லும் பாதையின் மிகக் கடினமான இருநூறு மீட்டரை நடந்து அளந்து, சரிவையும் முகட்டையும் வளைவையும் குறித்துக்கொள்வோமாக. விற்பனையாளரிடம் முதலில் காட்டவேண்டியது அக்குறிப்பே.