குளத்துக்கு என்ன பசி?

பொல்கொல்லவில் மறித்த மகாவலித் தண்ணீர் 1976 முதல் மலைக்குள் குடைந்த வழியே வந்து, உக்குவளை மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு மாத்தளைக்குள் இறங்குகிறது. சுது கங்கை, அம்பன் கங்கை, போவத்தன்ன நீர்த்தேக்கம். அங்கிருந்து இன்னொரு சுரங்கத்தால் தம்புள்ளைப் பக்கத்துக் குளங்களுக்கு. வழிநெடுக ஊர்க் கழிவும் தோட்டத்துப் பசளையும் சேரலாம். ஆகவே தண்ணீரில் பொசுபேற்று எவ்வளவு என்று கேட்பது நியாயம்தான். விடைதான் ஏமாற்றும்.

அன்றாடம் கூலி வாங்கி அன்றைக்கே உலையேற்றும் வீட்டில் அரிசிப்பானை எப்போதும் காலிதான். அதற்காக அங்கே யாரும் சாப்பிடுவதில்லை என்றாகுமா? குளத்திலும் அப்படியே. கரைந்த பொசுபேற்றைப் பாசியும் பற்றீரியாவும் வந்த வேகத்தில் விழுங்கிவிடும். கருவி பூச்சியத்துக்குப் பக்கத்தில் காட்டும். குளமோ பச்சையாய்க் கிடக்கும். இருப்பை விட்டுவிட்டுப் பசியை அளந்தால் என்ன?

பொசுபேற்றுக்குத் தட்டுப்பாடு வந்தால், பல பற்றீரியாக்கள் காரப் பொசுபற்றேசு என்ற நொதியத்தைத் தயாரிக்கின்றன. செத்து மக்கியவற்றின் சேர்மங்களோடு ஒட்டிக் கிடக்கும் பொசுபேற்றை அது வெட்டியெடுக்கும். தாராளமாகக் கிடைக்கும்போது தயாரிப்பு பெரும்பாலும் குறைந்துவிடும். சும்மா கிடைப்பதற்கு யார் கூலி கொடுப்பார்?

அளப்பதற்குத் தூண்டில் போட வேண்டும். பாரா நைட்ரோபீனைல் பொசுபேற்று நிறமற்றது. நொதியம் வெட்டியதும் காரக் கரைசலில் மஞ்சளாகும். குளத்து நீரில் நொதியம் மிகக் குறைவு என்பதால், வெட்டுப்பட்டதும் புறஊதா ஒளியில் நீலமாய் ஒளிரும் இன்னொரு பொருளையே ஆய்வாளர்கள் விரும்புகிறார்கள். பக்கத்தில், கொதிக்கவைத்து நொதியத்தைச் செயலிழக்கச் செய்து ஆறிய அதே நீர், அதே பொருளோடு ஒரு குப்பியில் இருக்கும். அதில் தெரியும் ஒளி தானாகச் சிதைந்ததன் கணக்கு, கழித்துவிட வேண்டும். பால் சரியாகப் பாஸ்டர் முறையில் சூடாக்கப்பட்டதா என்று பார்ப்பதும் இதே நொதியத்தை வைத்துத்தான். அங்கே அது செயலற்றிருந்தால் நல்ல சேதி.

பொசுபேற்றிலுள்ள பொசுபரசுக்கு ஏன் இவ்வளவு கவனம்? கனடாவின் 226ஆம் இலக்க ஏரியை 1973இல் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இருபுறமும் கரிமமும் நைதரசனும் இட்டார்கள். பொசுபரசு சேர்த்த பாதி மட்டுமே அடர்பச்சையானது.

பசியை அளப்பதில் சிக்கலும் உண்டு. பாசியும் இந்நொதியத்தைச் செய்யும். ஆகவே பற்றீரியாவின் பங்கை அறிய நுண்வடிகளால் பிரிக்க வேண்டும். நொதியத்தின் சில வகைகள் நாகச் சத்து இல்லாமல் வேலை செய்யா. ஒருநாள் அளவும் போதாது. மாரி மழைக்கு முன் ஒரு குப்பி, தோட்டங்களைக் கழுவிவந்த முதல் வெள்ளத்துக்குப் பின் ஒரு குப்பி. இரண்டாவதில் ஒளி மங்கினால் பசி தணிந்திருக்கலாம்; நொதியம் வெள்ளத்தில் நீர்த்துப்போனதா என்று பார்த்துக்கொண்டு, அடுத்த வாரம் கரையில் பாசியைத் தேடலாம்.