சந்தையிலிருந்து அரண்மனைக்கு: இந்தோனேசியாவின் டங்டுட்

ஜாவாவில் கல்யாணப் பந்தலோ சந்தையோ, எங்கே போனாலும் டங்டுட் இசை காதில் விழும். அதன் உயிர் தபலாவின் சாயலுள்ள ஒரு ஜோடிச் சிறு மத்தளம். வாசிப்பவர் உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தோலில் அழுத்தி நகர்த்த, நாதம் வளைந்து மேலேறும். இசைக்குப் பெயர் வந்ததும் அந்த ஒலியிலிருந்துதான்.

தபலாவின் சாயல் தற்செயலல்ல. 1950களில் இந்திப் படங்கள் அங்கே சக்கைப்போடு போட்டன. மலாய் இசைக் குழுக்கள் அந்த மெட்டுகளை எடுத்துத் தம் மொழியில் பாடின. 1970களில் பாடகர் ரோமா இராமா அதனுடன் ராக் இசையின் எலெக்ட்ரிக் கிட்டாரைச் சேர்த்தார். ஏழைகளின் பாட்டு என்று நகரத்துப் படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஏழைகளோ அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

1977 தேர்தலில் அவர் சுகார்த்தோ அரசை எதிர்த்த இஸ்லாமியக் கட்சிக்காகப் பிரசாரம் செய்தார். அன்று நாட்டில் இருந்த ஒரே தொலைக்காட்சி அரசின் டிவிஆர்ஐ. அதன் கதவு அவருக்கு ஏறத்தாழ பத்தாண்டு அடைபட்டது. ஆனாலும் மலிவு விலைக் கேசட்டுகளும் திரைப்படங்களும் அவரை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தன.

சுகார்த்தோ 1998இல் வீழ்ந்தபின் கிழக்கு ஜாவாவிலிருந்து பாடகி இனுல் தாரதிஸ்தா வந்தார். ஊர்க் கச்சேரிகளில் அவர் இடுப்பைச் சுழற்றி ஆடியது திருட்டு விசிடிகளில் நாடெங்கும் பரவியது. 2003இல் அந்த ஆட்டம் ஆபாசம் என்று கண்டித்தவர்களில் முன்னணியில் நின்றவர் ரோமா இராமாவேதான். கதவடைப்பின் வலியை அனுபவித்தவரே எளிய குடும்பத்துப் பெண்ணுக்குக் கதவடைக்கப் பார்த்தது பெரும் அநியாயம். மக்கள் இனுலைக் கைவிடவில்லை.

கிழக்கு ஜாவா டங்டுட்டின் வேகத் தாளமான கோப்லோ இன்று நாட்டுக்கே பொது. 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியின் அதிகாரப்பூர்வப் பாடலைப் பாடியவர் அங்கிருந்து வந்த வியா வாலன். 2022 சுதந்திர தினத்தன்று, ஜகார்த்தா அரண்மனையில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் ஜாவானிய மொழியில் பாட, அமைச்சர்கள் எழுந்து ஆடினார்கள்.

கேட்டுப் பார்க்க விரும்புவோர் ரோமா இராமாவின் 'பெகாடாங்' பாட்டில் தொடங்கி, வியா வாலனின் 'சாயாங்' பாட்டுக்கு வாருங்கள்.